பாவில் விழுந்த குட்டி

ஞாயிறு இரவு.

இன்று இருந்தவர்கள் நான், பேத்தி கவிதா, எதிர்வீட்டு ஏகாம்பரம், எங்கள் பூனைக்குட்டி. விடிகாலையில் ஏகாம்பரம் தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தான். மாரத்தானுக்கு ஓடிப் பழகும் கவிதா கிளம்பியதும் குட்டி அவள் பின்னால் பாய்ந்து பாவில் விழுந்தது. இழைகள் அறுந்தன.

"குட்டிய ஒண்ணும் பண்ணாத. அறுந்ததெல்லாம் நானே முடிஞ்சித் தரேன்" என்றேன்.

"சரி அத்த, முடி" என்றான்.

குனிந்து இழை இழையாக முடிச்சுப் போட்டதில் இடுப்பு விட்டுப்போனது. நான் முடிந்துகொண்டிருக்கும்போதே ஏகாம்பரம் குட்டியைப் பையில் போட்டு, கண்ணமங்கலம் போகிறவன் ஒருவனிடம் கொடுத்தனுப்பிவிட்டான்.

கவிதா கண்ணமங்கலம்வரை ஓடித் தேடிவிட்டு, மாலையில் வெறுங்கையோடு வந்தாள். "இவ்ளோ தூரம் நான் ஓடினதே இல்ல ஆயா" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அவன் பாவு ஓர் இழை குறையாமல் தறியேறிவிட்டது. செத்தாலும் மன்னிக்க மாட்டேன் ஏகாம்பரத்தை.