அறுபத்தொன்பதாம் தப்படி

ஏலப்பாறை, வியாழன் மதியம்

அன்புள்ள கோமதிக்கு, உன் முழங்கால் வலி தேவலையா? எனக்குத் தொப்பையைத் தவிர வேறு நோவில்லை.

குழந்தைகளுக்குக் குறுங்கோள்களைக் காட்ட, பள்ளி வாசலைச் சூரியனாக்கி, பூமி இருக்கும் தூரத்துக்கு ஒரு தப்படி என்ற கணக்கில் தேயிலைச் சரிவில் இறங்கினோம். எண்ணியவள் ஆறாம் வகுப்பு ஜோமோள். நாற்பதாம் தப்படியில் புளூட்டோவுக்கு ஒரு வெள்ளைக் கல். அறுபத்தெட்டில், அதற்கும் அப்பால் சுற்றும் ஏரிஸுக்கு ஒன்று. அதற்கும் கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயம், அதன் கோடியில் என் அறை. புருஷன் சூரியக் குடும்பத்துக்கே வெளியே குடியிருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொள்.

ஒரு வார மழைக்குப் பின் நேற்று மறுபடி எண்ணினால் ஏரிஸ் கல்லுக்கு அறுபத்தொன்பது.

"கல்லை நகத்துனயா புள்ள?" என்று அதட்டினேன்.

"நான் தொடல சார். நடுவுல தரைதான் பொளந்துருக்கு."

செடிகளை விலக்கிப் பார்த்தேன். என் கை முழங்கைவரை உள்ளே போனது.

தகவல் சொன்னேன், எஸ்டேட் ஆபீசிலிருந்து நாளைதான் பார்க்க வருவார்களாம். சரிவு இடிந்து மேலே விழலாம், லயத்தில் எல்லோரும் இன்றிரவு பள்ளிக்கு வந்து படுங்கள் என்றால், ஜோமோளின் அப்பா சுவக்கீன், "சாருக்கு எப்பவும் தமாசுதான்" என்று சிரிக்கிறார். இத்தனை நாள் நான் அடித்த ஜோக்குகளின் பலன்.

டார்ச்சும் உன் பழைய கம்பளியும் அனுப்பு. லீவுக்கு நம் மகள் மௌனிகாவைக் கூட்டி வராதே. மழை மறுபடி பிடித்துவிட்டது. சிரிக்காத முகத்தோடு இன்னொரு முறை கீழே போய்ச் சொல்லிப் பார்க்கிறேன்.

மோகனசுந்தரம்