எபனைக் கொல்ல என் சம்மதம்

ஆரியங்கோடு

மகளே,

நீ அனுப்பிய எட்டாம் படத்தின் திரைக்கதையை வாசித்தேன். கடைசிக் காட்சியில் உளவாளி எபனைக் கொல்கிறாய். முதல் ஐந்து படங்களை எழுதியவன் என்பதால் என் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். ஆறாம் படத்தில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டபோது யாரும் சம்மதம் கேட்கவில்லை.

காட்சியில் குறை உண்டு. மூன்று குண்டு பாய்ந்தவன் இரண்டு பக்கம் வசனம் பேச மாட்டான். இதைத் தெரிந்துகொள்ள நான் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. சாயங்கால ஜெபத்தில், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளின் பெயர்களை அம்மை ஒவ்வொன்றாகச் சொல்வாள் அல்லவா? முதல் படம் வந்த வருஷமே எபனையும் அதில் சேர்த்துவிட்டாள்.

"அவன் கதையில உள்ளவனாக்கும்" என்றேன்.

"கதையில உள்ளவனுக்கு துப்பாக்கி வெடி பட்டா நோவாதா? பேசாம கண்ண மூடுங்க" என்றாள்.

அவள் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. ஒவ்வொரு படம் வரும்போதும் அவன் தப்பினானா என்று என்னிடம்தான் கேட்பாள். நீ வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. இப்போது உன் பெயரும் அவன் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன.

கொல்வதானால் கொல். ஆனால் அந்தச் சேதியை நான் அவளிடம் சொல்ல மாட்டேன். எழுதியவள் நேரில் வந்து சொல்லட்டும். நெய்யாற்றின்கரையிலிருந்து நம் ஊருக்குப் பஸ் இப்போதும் உண்டு.

அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

உன் அப்பா