ஆரோக்கியத்தின் தோசைக்கல்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து கீற்று வந்தது, எங்கள் பங்குக்கு ஒரு கட்டு. கூரைக்குப் பற்றாது. நானும் மகள் ரீத்தாவும் இன்னும் வாய்க்கால் கரையில், சாக்குப் படுதாவுக்குள்.

வீடு எரிந்த இடத்தைக் கிளற இன்றுதான் போலீஸ்காரர்கள் விட்டார்கள். நானும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவும் போனோம். சாம்பல் மழையில் களியாகிக் கிடந்தது. கிடைத்தவை: அம்மி, இரண்டாகப் பிளந்து. பித்தளைக் குடம், உருகிச் சப்பையாக. மேற்குச் சுவர் ஓரம் என் மனைவி ஆரோக்கியத்தின் தோசைக்கல். ஆணியில் தொங்கவிடும் கம்பிக் கொக்கி அதன் காதில் மாட்டியபடியே.

அக்கா கையில் எடுத்தவள் சட்டென்று கீழே போட்டுவிட்டாள். "சுடுது தம்பி."

தொட்டுப் பார்த்தேன். நனைந்த இரும்பு. சில்லென்று இருந்தது.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்லை. வேலையும் இல்லை, சங்கத்து ஆட்களை யாரும் வயலில் இறக்குவதில்லை.

கல் முழுக்கச் செந்துரு. எண்ணெய்க் கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. கல்யாணத்துக்குப் பட்டுக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் கொடுத்த வார்ப்பு இரும்புக் கல். இத்தனை வருஷமாக அவள் ஏற்றின கறுப்பு அது. விடியற்காலையில் தெருவுக்கே இதில் தோசை சுட்டு விற்பாள். நடவு ஆட்கள், அறுப்பு ஆட்கள் எல்லாம் இலையில் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போவார்கள்.

ரீத்தா கல்லைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். "அம்மா எங்கன்னு கேக்குதுப்பா."

"எது கேக்குது?"

கல்லைக் காட்டினாள். ஆறு வயசு. கஞ்சி இன்றும் இரண்டு வாய்தான்.

ஐப்பசி 6, வியாழன்

செங்கல் பொடி, புளி, தேங்காய் நார். வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து தேய்த்தேன். துரு சிவப்பாகத் தண்ணீரில் ஓடியது. பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன்.

அந்த நாளைப் பற்றி இதில் இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டோம். மிராசுதார் மாட்டேன் என்றார். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சங்கத்து ஆண்கள் எல்லோரும் மறியலுக்குக் களத்துமேட்டில். மத்தியானம் தெருவில் புகை. ஓடி வருவதற்குள் எங்கள் வரிசை முழுவதும் தீ. ஆரோக்கியம் ரீத்தாவை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, பாக்கியம் அக்காவின் மாமனாரைத் தூக்கப் போயிருக்கிறாள். நடக்க முடியாத மனுஷர். அவரைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிட்டாள். அவள் வரவில்லை. கூரை இறங்கிவிட்டது.

அவ்வளவுதான். தீக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் தலைப்பாகை கட்டின நாலு பேரைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். முகம் தெரியாதாம்.

ஐப்பசி 8, சனி

கல் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஈரம் நின்றால் மறுபடி துரு ஏறும் என்று மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினேன்.

சூடு ஏற ஏற வாசம் வந்தது. முதலில் கீற்று வாசம். அப்புறம் மூங்கில். அப்புறம் வேறே. எழுத மாட்டேன்.

ரீத்தா "அம்மா வெளிய வா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். வயல் வரப்பில் குப்புறக் கிடந்தவளைத் தூக்கி வந்தேன். தண்ணீரை அள்ளி அடுப்பில் ஊற்றினேன். கல்லைப் படுதாவுக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

விடியும்போது சத்தம் கேட்டது. தோசைத் திருப்பி கல்லில் உரசுகிற சத்தம். சர்ர், ஒரு தட்டு, மறுபடி சர்ர். அவள் அப்படித்தான் ஓரத்தை எடுப்பாள். எங்களிடம் தோசைத் திருப்பியே இல்லை, எரிந்துபோயிற்று. எழுந்து பார்த்தேன். கல் வைத்த இடத்தில் இருந்தது. மேலே பனி கோத்திருந்தது.

டீக்கடையில் ரேடியோ. நில உச்சவரம்பு பற்றி மந்திரி பேச்சு. பெஞ்சில் ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது: "தோசைக்காரி அடுப்புலேர்ந்துதான் புடிச்சுதாமே." நான் நிற்பதைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தான்.

ஐப்பசி 11, செவ்வாய்

ஞானம் வந்திருக்கிறாள், ஆரோக்கியத்தின் தங்கை. பட்டுக்கோட்டையிலிருந்து பஸ், குடவாசலிலிருந்து நடை. தென்னந்தோப்பில் புருஷனுக்கு நிலையான வேலை. ரீத்தாவை அழைத்துப் போக வந்திருக்கிறாள்.

"ஒங்களுக்கே தங்க எடம் இல்ல மாமா. கேசு, சாட்சின்னு அலைவீங்க. புள்ள இங்க என்னத்தைத் திங்கும்?"

ஞா. பேசும்போது பின்பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். குரல் அப்படியே அக்காள் குரல்.

கல்லைப் பார்த்து அழுதாள். பிறகு சேலை முந்தியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தேச்சா மட்டும் போதாது. பழக்கணும். புதுக் கல்லு மாதிரிதான் இப்ப."

ஐப்பசி 12, புதன்

ஞா. ரீத்தாவைக் கோயிலுக்கு அழைத்துப் போன நேரத்தில் தெருக்கோடியில் அடுப்பு வைத்தேன். ஞா. சொன்ன முறை: அரிசிக் கழுநீரில் ஒரு நாள் ஊற. கழுவித் துடைத்துச் சின்னத் தீயில் சூடு. நல்லெண்ணெய் கொஞ்சமாக. பாதி வெங்காயத்தைக் குச்சியில் குத்தி எல்லாப் பக்கமும் தேய்க்க. புகை அடங்கியதும் இறக்கி ஆறவிட. திரும்பவும். அவசரப்பட்டால் எண்ணெய் பிசினாக நிற்குமாம்.

கீற்று வாசம் இன்றும் வந்தது. வெங்காய வாசம் மேலே ஏறிக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி 13, வியாழன்

அடைமழை. மிராசின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டார். இதுவரை இந்தப் பக்கம் கால் வைக்காதவர். என்னைச் சவரிமுத்து என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். எப்போதும் "டேய்"தான்.

தாலுகா ஆபீசில் விசாரணை, அடுத்த வியாழன். தீ எப்படிப் பிடித்தது என்று.

"நீ பொய் சொல்ல வேணாம்ப்பா. அடுப்ப அணைச்சாளா இல்லையான்னு தெரியாதுன்னு சொல்லு. நெஜமாவே நீ அங்க இல்லியே."

"சொன்னா?"

"மனைக்கட்டுப் பட்டா. ஒனக்கு மட்டும் இல்ல, ஏழு குடும்பத்துக்கும். ஐயாவே முன்ன நின்னு வாங்கித் தருவாரு. பொம்பளப் புள்ளய வச்சிக்கிட்டு மழையில கெடக்குறியே."

அவர் போன பிறகு ஞானம் படுதாவில் ஒழுகுகிற இடத்தில் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

தெரியாது. ஒரே சொல். பொய்கூட இல்லை.

ஐப்பசி 15, சனி

கல்லில் முதல் தோசை. ஒட்டிக்கொண்டது. சுரண்டினேன். இரண்டாவதும் அப்படியே. ஞா. சிரித்தாள், வந்ததிலிருந்து முதல் தடவை. "கல்லுக்குக் கோவமா இருக்கு ஒங்க மேல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 17, திங்கள்

கல்லறைத் திருநாள். நேற்று ஞாயிறு என்பதால் இன்று. வெயில். கல்லறைத் தோட்டத்தில் சகதி. ஆரோக்கியத்தின் குழிமேடு மழையில் உள்வாங்கியிருந்தது. மண் போட்டு அணைத்தேன். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை.

ரீத்தா குனிந்து மண்ணிடம், "அம்மா, ஒன்னோட அடுப்புலதான் தீ புடிச்சிச்சாம். பசங்க சொல்றாங்க" என்றாள். காதை வைத்துக் கேட்டாள். எழுந்து நின்று, "ஒன்னும் சொல்லல" என்றாள்.

பாக்கியம் அக்கா கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எங்கள் மதம் இல்லை. பூ வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி 20, வியாழன்

விசாரணை. மாலை திரும்பியதும் எழுதுகிறேன்.

நீளமான மேஜை, அதிகாரி, பக்கத்தில் எழுதுகிறவர். காரியக்காரர் சன்னலோரம் நாற்காலியில். நாங்கள் நின்றோம்.

"சம்பவத்தன்னிக்கு ஒன் வீட்டு அடுப்பு எரிஞ்சுதா?"

வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. தெரியாதுங்க. நாக்கு நுனியில். அப்போது கல்லறையில் பிள்ளை காதை வைத்துக் கேட்டது நினைவு வந்தது.

"இல்லீங்க."

"மறியலுக்குப் போயிருந்தேன்னு நீயே சொல்ற. எப்படித் தெரியும்?"

"தோசைக்கல்லு கொக்கியோட கெடந்துச்சுங்க. அடுப்பு கெழக்கால. கல்லு மேற்குச் செவத்துல ஆணிக்கு நேர் கீழ. சூட்டோட அவ ஒரு நாளும் மாட்ட மாட்டா. அடுப்ப அணைச்சு, கல்லு ஆறின பெறகு துடைச்சு, எண்ணெ தடவித்தான் மாட்டுவா."

"வேற பாத்திரத்துல மத்தியானச் சமையல் செஞ்சிருக்கலாமே?"

காரியக்காரர் லேசாகச் சிரித்தார்.

பின்னாலிருந்து குரல். பாக்கியம் அக்கா. அவள் புருஷனுக்கு மிராசு வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

"சமைக்கலீங்க. மத்தியானக் கொழம்பு எங்கிட்டதான் வாங்கிட்டுப் போனா. அவ அடுப்புக்குள்ள பூனை படுத்துத் தூங்கிச்சு. நான் பாத்தேன்."

"பூனையா?"

"ஆமாங்க. எரியிற அடுப்புல பூனை படுக்குமாங்க?"

எழுதுகிறவர் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். "எழுதிக்குங்க" என்றார் அதிகாரி.

ஐப்பசி 22, சனி

தீபாவளி. பெரிய தெருவில் வெடி. ஒவ்வொரு வெடிக்கும் ரீத்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பா. அக்கா புருஷனைக் கொட்டகை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்காவைப் பார்க்கப் போனேன். "எங்க மாமனாரு தின்னுட்டுத் தூங்குறாரு தம்பி. தெனம் அவரப் பாக்கும்போது அவ மொகம் வருது. நான் எப்படிப் பேசாம இருக்கறது?" என்றாள்.

கல்லில் துரு மறுபடி, ஓரத்தில் மட்டும். மழைக் காற்று. தேய்த்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றினேன். ஒரு நாள் பார்க்காமல் விட்டால் ஏறிவிடுகிறது.

ஐப்பசி 27, வியாழன்

தலையாரி வழியில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார். ரிப்போர்ட் போய்விட்டதாம். தீ பிடித்த காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்களாம்.

"அடுப்புன்னு எழுதலியே?"

"எழுதல."

"தீ வச்சவங்கன்னு?"

"அதுவும் எழுதல. பட்டா பேச்சு அவ்வளவுதான், தெரியுமில்ல?"

தெரியும். தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஏழு குடும்பமும் பழைய இடத்திலேயே வீட்டுக்குக் கால் ஊன்றுகிறோம். கீற்று கடனாக வந்தது.

ஆரோக்கியத்துக்காக அழ வேண்டும் என்று வாய்க்கால் பக்கம் போனேன். வரவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி 30, ஞாயிறு

கூரை போட்டாயிற்று. உள்ளே பச்சைக் கீற்று வாசம். ரீத்தா வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. ஞா. மடியில் வெளியே தூங்கினாள்.

ஞானம் சொல்லிவிட்டாள்: "புதன்கிழமை போறேன் மாமா. அதுக்குள்ள புள்ள ஒங்க கையால வயிறாரத் தின்னா விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி எங்கூட வரட்டும். கோவிச்சுக்காதீங்க."

கோபம் இல்லை. பிள்ளையின் தோள் எலும்பு தெரிகிறது.

கார்த்திகை 2, செவ்வாய்

மாவு அரைத்தது ஞா. உளுந்து பா. அக்கா கொடுத்தது. நாளை காலை ஒன்பது மணி பஸ். ரீத்தாவின் பாவாடை இரண்டு, மஞ்சள் பையில் மடித்து வைத்தாயிற்று.

கார்த்திகை 3, புதன்

விடிந்தது, மழை விட்டிருந்தது. புது வீட்டில் முதல் அடுப்பு. கல் சூடானது. வாசம் வருமென்று காத்திருந்தேன். எண்ணெய் வாசம் மட்டும். மாவை ஊற்றினேன். ஓரம் தானாக எழும்பியது. இரவல் தோசைத் திருப்பியால் திருப்பினேன். சர்ர், ஒரு தட்டு. என் கைதான், ஆனாலும் முதுகு சிலிர்த்தது.

பின்னால் ரீத்தாவின் குரல், தூக்கக் கலக்கத்தில். வாசல் தாண்டி உள்ளே வந்திருந்தாள்.

"அம்மா, எனக்கு இன்னும் முறுகலா."

ஞானம் வாசலில் பையோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

நான் திரும்பவில்லை. "ம்" என்றேன். தோசையை இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன்.