செல்வராஜின் பெயருக்கு நேரே போட்ட கோடு

சார்ஜன்,

நீங்கள் கொடுத்த பென்சிலை இன்று காலை சீவினேன். இனி விரல் நீளம்தான் மிச்சம். நீங்கள் முடிச்சிட்ட பச்சை நைலோன் கயிறு அப்படியே இருக்கிறது. சீவிய மரத்தின் மணம் எழுந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களை நல்லடக்கம் செய்த அன்றும் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நீங்கள் பாதுகாப்பு அதிகாரியாக வந்த புதிதில், உங்களைக் கண்டால் வேறு பாதையில் போவேன். ஹட்டனில் பிறந்த மலாய்க்காரர், எங்கள் பேச்சையே பேசுகிறவர் என்று தெரிந்தும் பயம்தான். இலங்கை இராணுவத்தின் விசேட படையணியில் சார்ஜனாக இருந்து வந்தவர் என்றால் ஒரு தமிழ்க் கிளாக்கருக்கு வேறென்ன தோன்றும்?

நீங்களாகத்தான் பேச்சுக் கொடுத்தீர்கள். பெரிய படையில் கட்டளை மேலிருந்து இறங்கி வருமாம். உங்கள் அணியில் எட்டுப் பேர்தான். ஒருவர் வானொலிக்கு, ஒருவர் மருந்துக்கு, ஒருவர் வழி பார்க்க. ஆனால் ஒவ்வொருவருக்கும் இன்னொருவரின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். “சுடுறதுதான் வேலைன்னு நெனைக்கிறாங்க ஐயா. பாதி நாளு சேத்துல படுத்துக் கெடந்து, பாத்ததைப் பாத்தபடி வந்து சொல்றதுதான்,” என்றீர்கள். மற்றப் பாதியை நீங்கள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

திரும்பி வந்ததும் பதவி பார்க்காமல் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் பிழையை அவரவரே சொல்வீர்களாம். தலைவர்தான் முதலில். அடுத்தவர் பிழையை எடுக்கக் கூடாது.

அந்த அடைமழையில், தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டபோது, எங்களில் ஏழு பேரை உங்களோடு சேர்த்து எட்டுப் பேராக்கினீர்கள். தொழிற்சாலைத் தரையில் கல்லையும் தேயிலைக் குச்சியையும் அடுக்கி லயத்தைக் காட்டினீர்கள். லயத்து ஆட்களை லொறியில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்; என்னிடம் பெயர்ப் பட்டியல். “ஆளைக் கண்ணால பாத்துத்தான் கோடு போடணும் ஐயா. சொல்றதைக் கேட்டு இல்ல.”

லொறியருகே நின்ற செல்வராஜின் மனைவியிடம் அவன் எங்கே என்று கேட்டேன். “ராத்திரி வேலை முடிஞ்சு அப்பிடியே ஸ்கூலுக்குப் போயிருப்பாருங்க,” என்றாள். மழை கொட்டியது. கோடு போட்டுவிட்டேன்.

கடைசியில் நீங்கள் தனியாகத் திரும்பிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினீர்கள். கடைசிக் காம்பராவிலிருந்து, கம்பளியைப் போர்த்தியபடி, மனைவி கிளம்பிய பிறகு வந்து படுத்துவிட்ட செல்வராஜ் தூக்கம் கலையாமல் உங்களோடு வந்தான். அரைமணி நேரத்தில் அந்தக் காம்பராவின் மேல் மண் இறங்கியது.

அன்று பள்ளிக்கூடத்தில் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். “கதவுகளை மொதல்லயே தட்டியிருக்கணும். என் பிழை,” என்றீர்கள். லொறிக்கார முத்து, “பொண்டாட்டிக்கு முன்னால கோழிய ஏத்திட்டேன், அது என் பிழை. இன்னும் அவ பேசல,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. “பேனா எழுத்து மழையில அழிஞ்சுபோச்சு,” என்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “சரிங்க ஐயா,” என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் இந்தப் பென்சிலைக் கொண்டுவந்து என் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டீர்கள். “இது மழையில அழியாது.” தெரிந்துதான் சொன்னீர்களா என்று இத்தனை காலம் யோசித்திருக்கிறேன்.

நேற்று மறுபடி மண்சரிவு எச்சரிக்கை. இளைஞர்கள் ஒத்திகை நடத்தி, பட்டியலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முடிந்ததும் உங்கள் வழக்கப்படி உட்கார்ந்தோம். அங்கே வயதில் மூத்தவன் நான்தான். முதலில் பேசினேன். அன்று ஆளைப் பார்க்காமலே கோடு போட்டதைச் சொன்னேன். செல்வராஜ் எதிரேதான் இருந்தான்.

“தெரியுங்க ஐயா,” என்றான் அவன். “பட்டியலை அன்னைக்கே நான் பாத்தேன். சார்ஜன்கிட்ட கேட்டதுக்கு, ‘நீ போய்க் கேக்காத, அவரே ஒரு நாளு சொல்லுவாரு’ன்னாரு.”

அதற்குப் பிறகு அடுத்தவன் தன் பிழையைச் சொல்லத் தொடங்கினான். நான் பென்சிலை எடுத்து, செல்வராஜை ஒருமுறை நன்றாகப் பார்த்து, ஒத்திகைப் பட்டியலில் அதுவரை விட்டுவைத்திருந்த அவன் பெயருக்கு நேரே கோடு போட்டேன்.