பிரிக்காத பொட்டலம்

ஜனவரி 5, திங்கள்

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. குழாயில் தண்ணீர் வரவில்லை, பத்து மணி வெயிலுக்குத்தான் இளகியது.

குடியரசு தினத்துக்கு ஒரு புது வேலை. ஒவ்வொரு பள்ளியும் தன்னை ஒரு நாடாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். பெயர், கொடி, தேசிய விலங்கு. விலங்கை முன்சுவரில் வரைய வேண்டும். பிள்ளைகள் புலி என்பார்கள் என்று நினைத்தேன். "புலிய யாரு டீச்சர் பாத்தா?" என்றது ஐந்தாம் வகுப்பு. பாதிப் பேருக்குக் காட்டுமாடு. "அது ரோட்டுல நின்னா பஸ்ஸே நிக்குது டீச்சர்." மீதிப் பேருக்கு வரையாடு. ஓட்டு எண்ணினால் பதினேழுக்குப் பதினேழு. தலைமையாசிரியர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன.

வாங்க: கலர் சாக்பீஸ், பூண்டுக்கு மருந்து, சீரகம். தைக்க: என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர், இடது முழங்கை.

ஜனவரி 6, செவ்வாய். திண்டுக்கல்

எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

காலை ஆறரை. எங்கள் பூண்டுக் காட்டில் ஒற்றைக் காட்டுமாடு. என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தகரத்தைத் தட்டிக்கொண்டு விரட்டப் போனார். பனிமூட்டம். மற்ற நாளெல்லாம் காட்டுப் பக்கம் ஓடும். இன்று அவரைப் பார்த்து ஓடியது. வலது விலாவுக்குக் கீழே கொம்பு. தூக்கிக் கல்கட்டில் அடித்தது. போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை குத்தியது. நான் போய்ச் சேர்ந்தபோது வயிறு திறந்து கிடந்தது. வெளியே வந்ததை முந்தானையால் அமுக்கிப் பிடித்தேன். சூடு. அந்தக் குளிரில் ஆவி பறந்தது.

கொழுந்தன் பாண்டி பூண்டு ஏற்றுகிற வேனில் போட்டுக்கொண்டு வந்தான். நான்கு மணி நேரம் ஆபரேஷன். உயிர் இருக்கிறது. "அத விட மாட்டேன் மதினி," என்றான் பாண்டி. சட்டையெல்லாம் அண்ணன் ரத்தம்.

ஜனவரி 8, வியாழன்

கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாதாம். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு மாற்றுத்துணிக்கு ஊர் வந்தேன்.

வாசலில் பாண்டி கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். "மோட்டார் லைன்ல இருந்து கரண்டு இழுத்து விடலாம்னு பாக்கேன். ஆனா என்ன இருந்தாலும் மாட்டுச் சாதி மதினி. கொன்னா ஏழு தலைமுறைக்கு ஆகாது." அதுதான் இரண்டு நாளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் குடலைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பாவம் பற்றிய கவலை. எரிச்சலாக வந்தது.

தலைமையாசிரியர் வந்தார். மறு ஓட்டும் சமமாம். பெற்றோர்கள் அம்மனிடம் பூக்கேட்டுவிடலாம் என்கிறார்களாம். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுவது, கிணறு வெட்டுவது எல்லாமே இப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். காளியம்மன் காலடியில் வைப்போம். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வந்த நிறம் அம்மன் வாக்கு. "வெள்ளை வந்தா காட்டுமாடு, செவப்பு வந்தா வரையாடு. பொட்டலம் நீங்களே கட்டிட்டு வந்துருங்க டீச்சர்."

காட்டுமாடு வந்தால் அதைச் சுவரில் வரைவார்கள். நான் தினமும் அதன் கீழே நின்று கொடி வணக்கம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

இரண்டிலும் சிவப்பு ரோஜாவைத்தான் வைத்துக் கட்டினேன்.

இந்த நோட்டில் தவிர வேறெங்கும் சொல்ல மாட்டேன். அம்மனுக்குத் தெரியுமே என்றால், தெரியட்டும். செவ்வாய்க்கிழமை காலை அவள் எங்கே போயிருந்தாள்?

பிள்ளை எடுத்தது, பூசாரி பிரித்தார், சிவப்பு. குலவை போட்டார்கள். பிரிக்காத பொட்டலத்தை வழக்கப்படி விளக்கு மாடத்தில் வைத்தார். கூட்டத்தில் எடுக்க முடியவில்லை. நாளைக்கு எடுத்துவிட வேண்டும்.

சாயங்காலம் பாண்டி வந்தான். முகம் தெளிந்திருந்தது. "அம்மாவே அத வேண்டாம்னுட்டா மதினி. சாமி கைவிட்ட மாடு. இனி பாவம் என்னைய ஒட்டாது."

"அது பள்ளிக்கூடச் சுவருக்குக் கேட்டது தம்பி."

"எதுக்குக் கேட்டா என்ன. வாக்கு வாக்குதான்."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்த மாடு சாக வேண்டும் என்று எனக்கும் ஆசை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 10, சனி. ஆஸ்பத்திரி

இரண்டு ஸ்பூன் கஞ்சி இறங்கியது. பாண்டி கம்பி கட்டுகிறான் என்று சொன்னேன். அந்த வலியிலும் தலையைத் தூக்கினார். "கரண்டுச் சோலி வேண்டாம்னு சொல்லு. தண்ணி பாய்ஞ்ச காடு." ஒருமுறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மலையில் சிக்னல் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

பொட்டலம் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போகாமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

வெள்ளனே பாண்டி போன். "விழுந்துருச்சு மதினி. கால உதறிக்கிட்டுக் கெடக்கு." எனக்குச் சந்தோஷம். உள்ளதை எழுதுகிறேன், அப்படியொரு சந்தோஷம். அவரை எழுப்பிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் மறுபடி போன். பாண்டி பெண்டாட்டி செல்வி. பேச்சில்லை, அலறல் மட்டும். பக்கத்துக் காட்டுக்காரர்தான் வாங்கிச் சொன்னார். விழுந்த மாடு கம்பியை வாய்க்காலுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறது. கரண்டை நிறுத்தாமல் பார்க்கப் போனவன் வாய்க்காலில் கால் வைத்திருக்கிறான். மாட்டின் மேலேயே விழுந்து கிடந்தானாம். லைனை நிறுத்தும்வரை யாரும் கிட்டப் போக முடியவில்லை. கரிந்த வாடை கோயில்வரைக்கும் அடித்ததாம்.

ஜனவரி 13, செவ்வாய்

வெயில். நேற்றுச் சாயங்காலம் பாண்டியை எரித்தோம். போலீஸ் வந்தது, வனத்துறை வந்தது. மாட்டைக் காட்டோரம் குழிதோண்டிப் புதைத்தார்கள்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. "அம்மா சொன்னதத்தான செஞ்சான். அவன ஏன் எடுத்துக்கிட்டா?" பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. எழவு வீட்டில் எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிச் சுவரில் வரையாடு பாதி. கொம்பும் ஒரு கண்ணும் மட்டும்.

மத்தியானம் கோயிலுக்குப் போனேன். மாடம் காலி. பூசாரி திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செல்வி வந்து வாங்கிட்டுப் போச்சு டீச்சர். பிள்ள கை இந்தப் பக்கம் போயிருந்தா வெள்ளை வந்துருக்கும், எம்புருசன் இருந்துருப்பாருன்னு ஒரே அழுகை."

செருப்புப் போடாமல் ஓடினேன்.

செல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம். நூலைப் பிரித்திருந்தாள். இதழ் வாடிச் சுருண்டிருந்தது, நிறம் போகவில்லை.

"இதுலயும் செவப்புத்தான் இருக்கு அக்கா," என்றாள். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "நீங்க படிச்சவுக. ஏன்னு சொல்லுங்க."