ரோஸ் பூத்த மூன்றாவது வார்டு

மார்த்தாள் ஆஸ்பத்திரி, வேலூர்
20.3.1982

என் அருமை லீலாவுக்கு,

படுத்துக்கொண்டே பல்லெல்லாம் தெரிய ஜெபராணி எழுதுவது. சைக்கிளில் விழுந்து உடைத்துக்கொண்ட முட்டிக்கு ஆபரேஷன் முடிந்ததல்லவா? இப்போது தையலில் சீழ். கிருமி நான் ஆரணியிலிருந்து கொண்டுவந்ததில்லையாம், ஆஸ்பத்திரியிலேயே பிறந்து வளர்ந்த மைனராம். பென்சிலின் போட்டால் அது டிபன் சாப்பிட்ட மாதிரி தெம்பாகிறது. புது ஊசிக்கு அடங்குகிறது, நாலே நாளில் திரும்ப வந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டில் பச்சையம்மாளுக்கும் அதேதான். எப்படித் தாவுகிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை. எலும்பில் இறங்கினால் காலை எடுக்கணும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். தூங்குவதுபோல் நடித்துக் கேட்டுவிட்டேன்.

அழ நேரமில்லை. ஏப்ரல் ஒன்று வருகிறது. உங்கள் பட்டுச் சாயப் பட்டறையிலிருந்து ரோஸ் பொடி ஒரு சிட்டிகை மடித்து அனுப்பு. அமலோற்பவம் சிஸ்டர் ரொம்ப விறைப்பு, கொஞ்சம் சிவக்கவைக்கலாம்.

இப்படிக்கு
ஒன்றரைக் கால் ராணி
ஜெபராணி

ஆரணி
26.3.1982

அன்புள்ள ஒன்றரைக்கு,

கால் போகும் என்று எழுதிவிட்டு அதே மூச்சில் பொடி கேட்கிறாயே, நீ மனுஷியாடி? முதல் பாதியில் அழுதேன், அடுத்த பாதியில் சிரித்தேன். அம்மா எனக்கு ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன்னைப் பார்க்க விடமாட்டேன் என்கிறாள். "அந்தக் கிருமி உன்கூடவே பஸ் ஏறி வந்துடும்டி!"

பொடி உள்ளே இருக்கிறது. காய்ந்திருந்தால் விரலில் தெரியவே தெரியாது, ஈரம் பட்டால்தான் பூக்கும். புண் பக்கம் கொண்டுபோகாதே. மாட்டினால் என் பேர் வெளியே வரக்கூடாது.

உன் லீலா

வேலூர்
2.4.1982

அடியே லீலா,

மாட்டினேன். உன் பேரையும் சொல்லிவிட்டேன். திட்டுவதற்கு முன் கேள்.

கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் பொடியைத் தடவிவைத்தேன். சிஸ்டர் கம்பியைப் பிடித்தார், அப்படியே பச்சையம்மாளுக்குக் கட்டு மாற்றப் போனார். வெயிலில் கையெல்லாம் வியர்வை. பத்தே நிமிஷம்! கத்தரிக்கோல் ரோஸ், தெர்மாமீட்டர் ரோஸ், சிஸ்டர் மூக்கு ரோஸ், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் ரோஸ். பச்சையம்மாளின் புதுக் கட்டின்மேல் அஞ்சு விரலும் ரோஸ்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே!" என்று சிஸ்டர் கத்த, வார்டே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்துகினே போனார்.

"சிஸ்டர், கிருமி தாவல. நாமதான் தூக்கினு போய்க் குடுத்துகினு இருக்கோம்."

சிஸ்டர் தன் கையைப் பார்த்து அழுதுவிட்டார். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

"சும்மா கெட, வாலு!" என்று கன்னத்தைக் கிள்ள வந்தவர் பாதியில் நின்றார், போய்ச் சோப்புப் போட்டுக் கையலம்பினார், திரும்பி வந்து கிள்ளினார். வலித்தது, ஆனால் சுத்தமான கிள்ளு.

இனி ஒவ்வொரு கட்டிலுக்கும் தனிக் கத்தரிக்கோல். டாக்டரே ஆனாலும் கையலம்பாமல் நகரக்கூடாது. புது ஊசியை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். வேண்டிக்கொள்.

ஜெபராணி

வேலூர்
30.4.1982

லீலா,

இரண்டு முறை சோதித்தாயிற்று. கிருமி இல்லை! கால் எனக்கே எனக்கு. நேற்று வராந்தாவின் அந்தக் கோடிவரை நடந்தேன். பச்சையம்மாளும் குணமாகிப் போளூருக்கு வீடு திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வருகிறேன். உன் அம்மாவுக்கு சிஸ்டர் தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறார், நானும் எட்டிப் பார்த்துவிட்டேன்: "உங்கள் பெண் இவளைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். கெட்டியாகவே பிடிக்கச் சொல்லுங்கள், விட்டால் ஓடிவிடுவாள்."

ஜெபராணி