ரேடியேட்டர் இடுக்கில் மெத்தை ஸ்பாஞ்சு

என்னங்க,

சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலராகப் பார்த்து ரேடியேட்டருக்கு முன்னால் நான் மாட்டியும் இஞ்சின் கொதித்தது. "அது ரேடியேட்டருக்குப் போற காத்தை மறைக்குது. ரேடியேட்டரைச் சுத்தியிருக்கிற இடுக்கை அடைச்சாதான் காத்து பக்கவாட்டுல நழுவாம உள்ள போகும்" என்றீர்கள். "உங்க வேலையைப் பாருங்க" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதும் இல்லை, அந்தக் காரில் ஏறுவதும் இல்லை.

இன்று காலை பானெட்டைத் திறந்தால், இடுக்கு முழுக்கப் பழைய மெத்தை ஸ்பாஞ்சை அளவாக வெட்டி ஒட்டியிருக்கிறது! மேட்டில் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தேன். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

நீங்களா? பாப்பாவைக் கேட்டால், "சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு" என்கிறாள். கோபமாக இருக்கிறவர் இதை ஏன் செய்தீர்கள்? நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா, தெரியவில்லை.

ஆபீஸ் கிளம்பும் முன் தண்ணீர் மோட்டாரை மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: மாலை ஐந்து மணிக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் காரோடு நிற்பேன். பேசக்கூட வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும்.